கையெழுத்துப் போட்டவர்கள்

பள்ளி விடுமுறையில் எங்கள் ஊர் தபால் ஆபீஸ் பக்கம் போனால் எனக்கு வேலை காத்திருக்கும். யாராவது ஒரு அம்மா மணியார்டர் பாரத்தை நீட்டி, "இதக் கொஞ்சம் எழுதிக் குடு சாமி" என்பார். பெயர், ஊர், தொகை, பணம் போய்ச் சேரவேண்டியவரின் முகவரி எல்லாம் என் கையெழுத்தில் இருக்கும். கடைசியில் வைக்கும் கைநாட்டு மட்டும் அவருடையது. ஒரே மத்தியானத்தில் பத்துப் பன்னிரண்டு பாரம் எழுதிய நாட்களும் உண்டு. அத்தனையிலும் என் எழுத்து, என் ஊதா மை. யாரும் அதை மோசடி என்று சொன்னதில்லை.

ஆனால் 2004 மார்ச்சில், தென் அமெரிக்க நாடான வெனிசுலாவின் தேசியத் தேர்தல் கவுன்சில் இதே மாதிரி ஒன்றை ஏறக்குறைய மோசடி என்றே சொன்னது. அதிபர் ஹியூகோ சாவேஸைத் திருப்பி அழைக்க, அதாவது பதவிக்காலம் முடியும் முன்பே மக்கள் வாக்கெடுப்பில் பதவியிலிருந்து இறக்க, கோரிய மனுவில் சுமார் 8 லட்சத்து 76 ஆயிரம் கையெழுத்துகளைச் சந்தேகப் பட்டியலில் வைத்தது. காரணம், பெயரும் அடையாள அட்டை எண்ணும் பிறந்த தேதியும் தாள் முழுக்க ஒரே ஆளின் எழுத்தில் இருந்தன. பள்ளிப் பிள்ளைகள் எழுத்துப் பழகுவதற்காக ஒரு பக்கம் நிறைய எழுதும் பயிற்சிக்கு ஸ்பானிஷில் 'பிளானா' என்று பெயர். நம் ஊர் காப்பி நோட்டு மாதிரி. அந்தப் பெயரையே இந்தத் தாள்களுக்கும் வைத்துவிட்டார்கள்.

எதிர்க்கட்சியினர் சொன்ன விளக்கம் எளிமையானது. முகாமில் உட்கார்ந்திருந்த தொண்டர்கள் வந்தவர்களின் அட்டையைப் பார்த்து விவரங்களை எழுதினார்கள், வந்தவர் கையெழுத்துப் போட்டுப் பெருவிரலை வைத்தார். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் தபால் ஆபீஸ் மேசைதான் கண்ணில் நின்றது. மோசடியே நடக்கவில்லை என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் ஒரே எழுத்தாக இருப்பது மட்டும் மோசடிக்குச் சாட்சி ஆகாது என்று என் விரல்களுக்குத் தெரியும்.

அந்த நாட்களில் நான் சாவேஸின் ரசிகன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோவையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அறையில் இடதுசாரிப் பத்திரிகைகள் கிடக்கும். எண்ணெய்ப் பணத்தைக் குடிசைப் பகுதிகளுக்குத் திருப்பியவர், கியூப மருத்துவர்களைத் தலைநகர் காரகாஸின் மலைச்சரிவுகளுக்கு வரவழைத்தவர், அமெரிக்காவுக்கு எதிராக நிமிர்ந்து நின்றவர் என்று ராத்திரி முழுக்கப் பேசுவோம். 2004 ஆகஸ்டில் அவர் வாக்கெடுப்பில் ஜெயித்த செய்தி வந்தபோது டீக்கடையில் எல்லோருக்கும் நான்தான் காசு கொடுத்தேன். அந்த முடிவு சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றை நான் படித்துத் தெரிந்துகொள்ளப் பல வருடம் ஆனது. தெரிந்தபின் மனம் பழைய மாதிரி இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். 1999 டிசம்பரில் மக்கள் வாக்களித்து ஏற்றுக்கொண்ட வெனிசுலா அரசியல் சட்டம் சாவேஸின் சொந்தப் பிள்ளை. சின்ன நீலப் புத்தகமாக அச்சடித்து, மேடைதோறும் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டுவார். அதன் 72வது பிரிவுப்படி, மக்கள் தேர்ந்தெடுத்த எந்தப் பதவியையும் மக்களே பறிக்கலாம். பதவிக்காலத்தில் பாதி முடிந்திருக்க வேண்டும். பதிவு பெற்ற வாக்காளர்களில் 20 சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்க வேண்டும். வாக்கெடுப்பில் குறைந்தது 25 சதவீதம் பேராவது கலந்துகொள்ள வேண்டும். அவரைத் தேர்ந்தெடுத்த வாக்குகளுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ அவருக்கு எதிராக விழவேண்டும். எதிர்ப்பு வாக்கு ஆதரவு வாக்கைவிடக் குறையவும் கூடாது என்பது பின்னால் தேர்தல் கவுன்சில் சேர்த்த விதி.

அதோடு 233வது பிரிவையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் புரியும். ஆறு வருடப் பதவிக்காலத்தின் முதல் நான்கு வருடத்துக்குள் அதிபர் விலக்கப்பட்டால் 30 நாளில் புதிய தேர்தல். கடைசி இரண்டு வருடத்தில் விலக்கப்பட்டால் துணை அதிபர் மிச்ச காலத்தை ஓட்டிவிடுவார். துணை அதிபரை நியமிப்பவர் அதிபரேதான். ஆக, மூன்றாம் வருடம் முடிவதற்கும் நான்காம் வருடம் முடிவதற்கும் நடுவில் இருக்கும் பன்னிரண்டு மாதம்தான் எதிர்க்கட்சிக்கு உண்மையான வாய்ப்பு. சாவேஸுக்கு அது 2003 ஆகஸ்ட் 19இல் தொடங்கி ஒரு வருடம். இந்தத் தேதி முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் எதிர்க்கட்சிகளால் அதுவரை பொறுத்திருக்க முடியவில்லை.

'ஜனநாயக ஒருங்கிணைப்பு' என்ற பெயரில் அவர்கள் கூடியிருந்தார்கள். நாற்பது வருடம் மாறி மாறி ஆண்ட அக்சியோன் டெமோகிராட்டிகா, கோபேய் என்ற இரண்டு பழைய கட்சிகள். பிரிமேரோ ஹுஸ்தீசியா என்ற புதிய இளைஞர் கட்சி. முதலாளிகள் சங்கமும் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் ஒரே மேடையில். சாவேஸிடமிருந்து விலகி வந்த சோஷலிஸ்டுகள். ஒரு காலத்தில் துப்பாக்கி தூக்கிய பந்தேரா ரோஹா, அதாவது 'செங்கொடி'. இவர்களைச் சேர்த்து வைத்திருந்தது ஒரே ஒரு பெயர்தான், சாவேஸ். அவர் போன மறுநாள் என்ன செய்வது என்பதில் இரண்டு பேருக்குக்கூட ஒத்த கருத்து இல்லை.

2002 ஏப்ரலில் ராணுவத்தின் ஒரு பகுதி சாவேஸைப் பிடித்து வைத்தபோது இது வெட்டவெளிச்சமானது. முதலாளிகள் சங்கத் தலைவர் பெத்ரோ கர்மோனா தன்னைத்தானே அதிபராக அறிவித்துக்கொண்டு, நாடாளுமன்றத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் கலைத்தார். கூட ஊர்வலம் வந்த தொழிற்சங்கத் தலைவர்களையே அதிகாரத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. இரண்டு நாளில் சாவேஸ் திரும்பி வந்துவிட்டார். அப்புறம் டிசம்பரில் எண்ணெய்த் துறையை நிறுத்திப் பார்த்தார்கள். இரண்டு மாதம் நாடு பெட்ரோல் இல்லாமல் தவித்தது. சாவேஸ் அசையவில்லை. அரசு எண்ணெய் நிறுவனத்தில் சுமார் 18,000 பேருக்கு வேலை போனது. பல வருட அனுபவம் உள்ள பொறியாளர்கள் அதில் இருந்தார்கள். வேலைநிறுத்தத்தை அறிவித்த தலைவர்களில் சிலர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள். குடும்பத்தோடு நிறுவனக் குடியிருப்பில் இருந்தவர்கள் எங்கே போவார்கள்?

குறுக்குவழிகள் எல்லாம் அடைபட்ட பிறகுதான் கையெழுத்து. அதிலும் அவசரம். 2003 பிப்ரவரி 2 அன்று நாடு முழுக்க மேசை போட்டார்கள். 'ஃபிர்மாஸோ' என்று பெயர். பெருங்கையெழுத்து என்று சொல்லலாம். திருப்பி அழைக்கும் மனு, பதவிக்காலத்தைக் குறைக்கும் திருத்தம், அது இது என்று ஒவ்வொரு அணியின் விருப்பத்துக்கும் ஒரு தாள். எந்த வழி என்று தலைவர்களால் முடிவு செய்ய முடியாததால் எல்லா வழியிலும் மக்களைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். திருப்பி அழைக்கும் மனுவில் 30 லட்சத்துக்கு மேல் கையெழுத்து வந்ததாகச் சொல்லி ஆகஸ்டில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பதவிக்காலத்தின் பாதி முடிவதற்கு முன்பே வாங்கியவை என்று செப்டம்பரில் தேர்தல் கவுன்சில் அத்தனையையும் தள்ளிவிட்டது. சட்டத்தைப் படித்தால் அந்தக் காரணத்தில் தப்பு சொல்ல முடியவில்லை.

மறுபடி முதலிலிருந்து. 2003 நவம்பர் 28 முதல் டிசம்பர் 1 வரை நான்கு நாள், கவுன்சில் கொடுத்த எண்ணிட்ட தாள்களில். தேவை 24 லட்சத்து 36 ஆயிரத்து 83. இந்த முறை கட்சிகளைவிட 'சூமாத்தே' என்ற குடிமக்கள் அமைப்புதான் வேலையைத் தூக்கிச் சுமந்தது. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் மரியா கொரினா மச்சாடோ, 2025இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற அதே மச்சாடோ. அமெரிக்க அரசு நிதியில் இயங்கும் ஓர் அமைப்பிடமிருந்து 53,400 டாலர் வாங்கியதற்காகப் பின்னால் இவர்கள்மீது வழக்கும் வந்தது. அந்தப் பணத்தை வாங்கியிருக்கக் கூடாது என்பது என் கருத்து. ஏழைகளின் அதிபரை வாஷிங்டன் கவிழ்க்கப் பார்க்கிறது என்ற பிரசாரத்துக்குத் தானாகக் கொண்டுபோய்க் கொடுத்த சாட்சி அது.

சுமார் 34 லட்சம் கையெழுத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 18 லட்சத்துச் சொச்சம் செல்லும் என்றது கவுன்சில். நான் முதலில் சொன்ன 8.76 லட்சம் பேர் நேரில் வந்து "ஆமாம், நான்தான் போட்டேன்" என்று உறுதி செய்ய வேண்டும் என்றது. தெருக்களில் கலவரம் வெடித்தது, உயிர்கள் போயின. சரி, வருகிறோம் என்று கடைசியில் எதிர்க்கட்சி ஒத்துக்கொண்டது. மே 28 முதல் 30 வரை மூன்று நாள். 'ரெபாரோ' என்று பெயர். பழுது பார்த்தல் என்று பொருள் வரும். யோசித்துப் பாருங்கள். ஒரு பெண் டிசம்பரில் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டாள். அதற்கு முன் பிப்ரவரியில் போட்டது செல்லாமல் போனது. இப்போது மூன்றாம் முறையாகப் போய்த் தான் தான்தான் என்று நிரூபிக்க வேண்டும். இதற்கு நடுவில், மேலே இருந்து வந்த மிரட்டலில் பெயரை எடுத்துவிடும்படி கேட்டவர்களும் இருந்தார்கள். இருந்தும் தேவையான எண்ணிக்கை தாண்டியது. அந்த மூன்று நாளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

சாவேஸ் ஜூன் முதல் வாரத்தில் தோல்வி முகமே காட்டாமல் வாக்கெடுப்பை ஏற்றுக்கொண்டார். 1859இல் சாந்தா இனேஸ் என்ற இடத்தில் எதிரியை உள்ளே வரவிட்டு அடித்த தளபதி எசெக்கியேல் சமோராவின் கதையைச் சொல்லி, தன் பிரசாரத்துக்கு அந்தப் போரின் பெயரையே வைத்தார். இழுத்தடித்த மாதங்களை அவர் வீணாக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எழுத்தறிவு இயக்கம், மலிவு விலைக் கடைகள், குடிசைப் பகுதி மருத்துவமனைகள் எல்லாம் அந்தக் காலத்தில்தான் பரவின. எண்ணெய் விலையும் ஏறிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் மிராண்டா மாநில ஆளுநர் என்ரிக்கே மெந்தோசா பிரசாரத்தை நடத்தினார். ஆனால் சாவேஸ் போனால் அந்த நாற்காலியில் யார் என்ற கேள்விக்குக் கடைசிவரை ஒரு பெயரைச் சொல்ல அவர்களால் முடியவில்லை. ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் கூட்டணி உடைந்திருக்கும்.

2004 ஆகஸ்ட் 15. வரிசை அவ்வளவு நீளம். வாக்குப்பதிவு நேரத்தை நள்ளிரவு வரை நீட்டினார்கள். பதவியைப் பறிக்க 'ஆம்' என்று 39 லட்சத்து 89 ஆயிரம் பேர். 2000ஆம் ஆண்டில் சாவேஸ் வாங்கிய 37 லட்சத்து 57 ஆயிரம் வாக்கைவிட இது அதிகம்! ஆனால் 'வேண்டாம்' என்றவர்கள் 58 லட்சம். 59க்கு 41. மோசடி என்று எதிர்க்கட்சி கூவியது. அமெரிக்க நாடுகள் அமைப்பும் ஜிம்மி கார்ட்டரின் மையமும் தணிக்கை செய்து முடிவு சரிதான் என்றன. தோல்வியை ஒத்துக்கொள்ளாத தலைவர்கள், தங்கள் ஆதரவாளர்களுக்கு 'வாக்குப் போட்டு என்ன ஆகப்போகிறது' என்ற எண்ணத்தைத்தான் கற்றுக் கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் நடந்த மாநிலத் தேர்தலில் சுலியா, நுவேவா எஸ்பார்த்தா தவிர மற்ற இடங்கள் போயின. மெந்தோசாவும் தோற்றார். 2005இல் நாடாளுமன்றத் தேர்தலையே புறக்கணித்து, முழுச் சபையையும் சாவேஸ் அணியிடம் விட்டுக் கொடுத்தார்கள். ஒருங்கிணைப்பு என்ற பெயரே மறைந்துபோனது.

தலைவர்கள் வேறு கூட்டணி, வேறு பெயர் என்று போய்விட்டார்கள். கையெழுத்துகள் எங்கேயும் போகவில்லை.

கையெழுத்து வாங்குவதற்கு முன்பே சாவேஸ் சொல்லியிருந்தார்: எனக்கு எதிராகக் கையெழுத்துப் போடுகிறவர்கள் பெயர், அட்டை எண், கைரேகையோடு பதிவாகிவிடுவார்கள் என்று. 2004 தொடக்கத்தில் லூயிஸ் தாஸ்கோன் என்ற ஆளுங்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் அந்தப் பட்டியலைத் தன் இணையதளத்தில் போட்டார். அட்டை எண்ணைத் தட்டினால் போதும், நீங்கள் கையெழுத்துப் போட்டவரா என்று தெரிந்துவிடும். அப்புறம் அதையே விரிவாக்கி, குறுந்தகட்டில் கையோடு எடுத்துப் போகும் மென்பொருளாகவும் ஆக்கினார்கள். அரசு வேலைக்குப் போனாலும் கடனுக்குப் போனாலும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் முதலில் பட்டியலைத்தான் பார்த்தார். பட்டியல் வெளியான பிறகு கையெழுத்திட்டவர்களின் வருமானம் சராசரியாக 5 சதவீதம் அளவுக்குக் குறைந்தது என்று பொருளாதார ஆய்வாளர்கள் பின்னாளில் கணக்கிட்டார்கள். 2005 ஏப்ரலில் அந்தப் பட்டியலைப் புதைத்துவிடுங்கள் என்று சாவேஸே பகிரங்கமாகச் சொன்னார். புதைக்கச் சொல்லும்படி அது உயிரோடு நடமாடியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இதைப் படித்த அன்று எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தார். நான் ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலிருந்த சாராயக் கடையை மாற்றச் சொல்லி எங்கள் தெருவில் மனு எழுதினார்கள். அப்பா ஆறாவது கையெழுத்து. மனு கொடுத்த வாரமே அதன் ஜெராக்ஸ் கடைக்காரர் கையில் இருந்தது. யார் கொடுத்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. ஒரு சாயங்காலம் அவருடைய ஆள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, "அண்ணா, உங்க பேரும் இருக்குதுங்களே" என்று மரியாதையாகக் கேட்டான். அவ்வளவுதான் சொன்னான். அப்பா அன்று ராத்திரி இரண்டு முறை எழுந்துபோய் வாசல் தாழ்ப்பாளைப் பார்த்ததை நான் போர்வைக்குள்ளிருந்து பார்த்தேன். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெனிசுலாவில் லட்சக்கணக்கான வாசல்களில் அந்த வண்டி நின்றது.

பன்னிரண்டு வருடம் கழித்து அதே 72வது பிரிவு, வேறு அதிபர். சாவேஸ் இறந்த பிறகு 2013 ஏப்ரலில் நிக்கோலஸ் மதுரோ ஒன்றரை சதவீத வித்தியாசத்தில் வந்தார். 2015 டிசம்பரில் 'ஜனநாயக ஒற்றுமை மேசை' என்ற புதிய கூட்டணி 167 இடங்களில் 112ஐப் பிடித்தது. மூன்றில் இரண்டு பங்கு! கடையில் மாவு இல்லை, மருந்து இல்லை. எந்தக் கிழமை யார் வாங்கலாம் என்பதை அடையாள அட்டையின் கடைசி எண் முடிவு செய்தது. 2013 ஜனவரியில் தொடங்கிய சாவேஸின் பதவிக்காலத்தைத்தான் மதுரோ தொடர்ந்தார். அதில் பாதி 2016 ஜனவரி 10 அன்று முடிந்தது. 2017 ஜனவரி 10 வரை பன்னிரண்டு மாதம். இந்தத் தடவையாவது முதல் நாளே தொடங்கியிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்?

மார்ச் 8 வரை எந்த வழி என்றே முடிவாகவில்லை. எதிர்க்கட்சித் தலைவர்களில் ஒருவரான என்ரிக்கே கப்ரிலெஸ் கையெழுத்து வழி என்றார். சிலர் பதவிக்காலத்தைக் குறைக்கும் திருத்தம் என்றார்கள். சிலர் புதிய அரசியல் நிர்ணய சபை, சிலர் தெருவில் இறங்கி ராஜினாமா செய்ய வைப்பது. ஆறு மாதத்துக்குள் ஆட்சியை மாற்ற வழி சொல்வோம் என்று நாடாளுமன்றத் தலைவர் ஹென்றி ராமோஸ் அயுப் ஜனவரியிலேயே அறிவித்துவிட்டார். 2014இல் லியோபோல்டோ லோபெஸும் மச்சாடோவும் தெருப் போராட்டத்துக்கு அழைத்தபோது கப்ரிலெஸ் ஒத்துப் போகவில்லை. லோபெஸ் சிறைக்குப் போனார். அந்தப் புண் ஆறவே இல்லை. கடைசியில் மார்ச் 8 அன்று கூட்டணி என்ன அறிவித்தது தெரியுமா? எல்லா வழியிலும் ஒரே நேரத்தில் போவோம் என்று. 2003 பிப்ரவரியின் பல தாள்கள் மறுபடியும் மேசைக்கு வந்துவிட்டன. கையெழுத்துக்கான படிவம் கையில் வந்தது ஏப்ரல் 26. ஒரு வருடத்தில் மூன்றரை மாதம் போயிருந்தது.

அதற்குப் பிறகு நடந்த தாமதம் அரசின் வேலை, அதில் சந்தேகமே இல்லை. அரசியல் சட்டத்தில் இல்லாத ஒரு படியாக, முதலில் ஒரு சதவீதம் பேர் கையெழுத்துப் போடவேண்டும். இரண்டு லட்சம்கூட வேண்டாம், ஒரு வாரத்துக்குள் 18 லட்சத்து 50 ஆயிரம் வந்தது. ஆறு லட்சத்தைத் தள்ளினார்கள். மிச்சம் உள்ளவர்கள் ஜூனில் ஐந்து நாளுக்குள் நேரில் போய்க் கைரேகை வைத்து உறுதி செய்யவேண்டும் என்றார்கள். பஸ் பிடித்து, வெயிலில் நின்று, நான்கு லட்சம் பேர் வைத்தார்கள். மாவுக்கு நின்ற அதே வரிசைக்காரர்கள், அதே அட்டை. கையெழுத்துகளைச் சரிபார்க்க மதுரோ நியமித்த குழுவின் தலைவர் ஹோர்ஹே ரோட்ரிகெஸ். 2004இல் தேர்தல் கவுன்சில் உறுப்பினராக இருந்தவர் அவர்தான். கையெழுத்துப் போட்டவர்களை அமைச்சகங்களின் பொறுப்பான பதவிகளிலிருந்து 48 மணி நேரத்தில் நீக்கவேண்டும் என்று ஆகஸ்டில் அவரே அறிவித்தார். புதைத்த பட்டியலுக்குப் புது உயிர்.

20 சதவீதக் கையெழுத்துக்கு அக்டோபர் 26, 27, 28 என்று தேதி கொடுத்தார்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனியே 20 சதவீதம் வேண்டும் என்று புதிதாக ஒரு விதியையும் சேர்த்தார்கள். அந்தத் தேதியும் வரவில்லை. முதல் கட்டக் கையெழுத்தில் மோசடி என்று சில மாநிலங்களின் குற்றவியல் நீதிமன்றங்கள் ஒரே நாளில் சொல்ல, அக்டோபர் 20 அன்று கவுன்சில் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தது. பத்து நாளில் வாடிகன் தூதர் முன்னிலையில் பேச்சுவார்த்தை. கூட்டணியில் பாதிப் பேர் போனார்கள், லோபெஸின் கட்சி உட்படப் பல கட்சிகள் வரமாட்டோம் என்றன. அதிபர் மாளிகைக்குப் போவதாக இருந்த நவம்பர் 3 ஊர்வலத்தைத் தலைவர்களே ரத்து செய்தார்கள். ஜனவரி 10 வந்து போனது.

ஜனவரியிலேயே ஒன்றுபட்டுத் தொடங்கியிருந்தாலும் அரசு விட்டிருக்காது என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் அந்த மூன்றரை மாதத்தை அரசு பறிக்கவில்லை, இவர்களே தூக்கிக் கொடுத்தார்கள். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

2022 ஜனவரியில் இன்னொரு முறை. பெரிய தலைவர்கள் யாரும் சேராத சில சிறிய குழுக்கள் மனு கொடுத்தன. கவுன்சில் சில நாள் அவகாசத்தில் ஒரே ஒரு நாள் ஒதுக்கியது. பன்னிரண்டு மணி நேரம், தேவை சுமார் 42 லட்சம் கையெழுத்து. பெரிய கட்சிகள் இது ஏமாற்று என்று ஒதுங்கிக்கொண்டன. அன்று போட்டவர்கள் 42,421 பேர். இருபது வருடமாக நடந்ததை எல்லாம் பார்த்த பிறகும், ஜெயிக்காது என்று தெரிந்தும், கட்சி ஆதரவும் இல்லாமல் விரல் வைத்த அந்த 42,421 பேரை எனக்கு நேரில் பார்க்கவேண்டும் போல இருக்கிறது.

2003 டிசம்பரில் கையெழுத்துப் போட்டவர்களில் மூன்று பெண்கள் தேசிய எல்லைகள் கவுன்சில் என்ற அரசு அலுவலகத்தில் ஒப்பந்த ஊழியர்கள். 2004 மார்ச்சில் மூன்று பேருடைய ஒப்பந்தமும் ஒன்றாக முடித்து வைக்கப்பட்டது. காரணம் எதுவும் எழுதப்படவில்லை. அவர்களில் ஒருவர் அதிகாரிகளிடம் போனில் பேசி, கையெழுத்துதான் காரணம் என்று அவர்கள் வாயாலேயே சொன்னதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டார். உள்ளூர் நீதிமன்றங்கள் ஒவ்வொன்றாகக் கைவிரித்தன. கோஸ்டா ரிகாவில் இருக்கும் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். இது அரசியல் பழிவாங்கல், மூவருக்கும் வேலையைத் திருப்பிக் கொடு அல்லது நஷ்ட ஈடு கொடு என்று 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அப்போது சாவேஸ் இறந்து கிட்டத்தட்ட ஐந்து வருடம் ஆகியிருந்தது.